எல்லாம் பாதி விலை

“உக்காருங்க மாஸ்டர்” என்று முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டதும் கட்டிங் மாஸ்டருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. காலையிலிருந்து மேசை முன்னால் நின்றே துணி வெட்டுகிற மனிதர். அந்தத் தையல் கம்பெனியில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

“சிட்டிக்குள்ள வாடகை கழுத்தை நெரிக்குது. உங்க பக்கம் எப்படி? எல்லாம் சல்லிசாமே?”

மாஸ்டருக்குப் பொறி தட்டியது. நேற்றுத்தான் முதலாளி தன் வீட்டு ஓனரோடு போனில் வாடகைக்காக மல்லுக்கு நின்றது அவர் காதில் விழுந்திருந்தது. ஆக, மனிதர் நம்ம பக்கம் வீடு மாறப் போகிறார். மாறினால் தினமும் காரில்தானே வருவார், போவார்? பக்கத்துத் தெரு ஆளை ஏற்றிக்கொள்ள மாட்டாரா என்ன?

மாஸ்டரின் கணுக்காலில் நரம்பு சுருண்டு, நீலமாய்ப் புடைத்து, போன மாதம் புண்ணாகவும் ஆகிவிட்டது. நிற்பதைக் குறைக்காவிட்டால் காலே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெட்டுகிற மேசை சோறு போடுவது, அதை விட முடியாது. காலையும் மாலையும் இரண்டு பஸ் மாறிக் கம்பியில் தொங்கிக்கொண்டு வருகிறாரே, அதுதான் ஒழிய வேண்டும்.

அதனால் மாஸ்டர் அளக்க ஆரம்பித்தார். வாடகை பாதிதான் என்றார், அது நிஜம். தண்ணீர் லாரிக்குக் கொட்டி அழுவதைச் சொல்லவில்லை. காய்கறி தோட்டத்திலிருந்து நேராக வருகிறது, அதுவும் பாதி விலை என்றார். இருக்கிற ஒரே கடைக்காரர் வைத்ததுதான் விலை என்பதை அப்படியே முழுங்கிவிட்டார்.

பால், கேஸ், ஸ்கூல் ஃபீஸ் என்று முதலாளி கேட்கக் கேட்க, மாஸ்டர் ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டிக்கொண்டே போனார். போன வாரம் அவர் மனைவி கம்மலைக் கழற்றி அடகு வைத்ததெல்லாம் அந்த நேரத்தில் யாருடைய கதையோ மாதிரி இருந்தது.

ரோடு எப்படி, ஆஸ்பத்திரி பக்கமா, மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்று முதலாளி ஒரு வார்த்தை கேட்கவில்லை. விலை, விலை, விலை மட்டும்தான். மாஸ்டருக்கு அதுவும் நல்லதாகத்தான் பட்டது. முட்டி வரை நிற்கிற மழைத் தண்ணீருக்கு அவரிடம் பொய் தயாராக இல்லை.

“பஸ்ஸுக்கு நெறைய ஆகுமே?”

“பாஸ் எடுத்துட்டா ஒண்ணும் தெரியாதுங்க.”

“நம்ம டைலருங்க பாதிப் பேரு உங்க தெருதானே? அவங்களுக்கும் இப்படித்தானா?”

கதவுக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அவர்களையெல்லாம் வீடு வீடாகப் போய் அழைத்துவந்து வேலைக்குச் சேர்த்ததே மாஸ்டர்தான்.

“எல்லாருக்குமே அப்படித்தாங்க. செலவு போக கையில நிக்குது. ராஜா மாதிரி இருக்கோம்.”

முதலாளி நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் மாஸ்டருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. தோதான வீடு ஒன்று தெரிந்தவரிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமையே போய்ப் பேசி முடிக்கிறேன் என்றுகூடச் சொன்னார். காரின் முன்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு போவது அவருக்குக் கண்ணிலேயே தெரிந்தது.

“வீடா? யாருக்கு?” என்று கேட்ட முதலாளி, பதிலுக்குக் காத்திராமல் கதவைத் திறந்து, வெளியே உட்கார்ந்திருந்த கணக்கரைக் கூப்பிட்டார்.

“வெளியில இருந்து வர்றவங்க எல்லாருக்கும் சம்பளத்தோட குடுக்குற வாடகைப்படிய நிறுத்திடுங்க. மாஸ்டரே சொல்லிட்டாரு.”