சிங்கிள் ஓனர் வண்டி

டோக்மோக் நகரம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் மிர்லானைப் போல ஒரு முட்டாள் கிடைக்க மாட்டான் என்று ஓரோஸாலிக்குத் தோன்றியது. இல்லாவிட்டால் இப்படி ஒரு விளம்பரத் தாளைத் தானே கொண்டுவந்து நீட்டுவானா?

பழைய கார்களைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக ஒரு ஷோரூம் அந்தத் தாளில் அறிவித்திருந்தது. சிங்கிள் ஓனர் வண்டி என்றால் ஏழு லட்சம் சோம் வரை கிடைக்குமாம்.

"வண்டி இன்னும் உங்க பேர்லதானே இருக்கு அண்ணே. ஒரு எட்டு வந்து கையெழுத்துப் போட்டீங்கன்னா வித்துட்டு வேற ஒண்ணு வாங்கிடுவேன். டாக்ஸிக்கு இது இனிமே தாங்காது."

பின்பக்கம் நீண்ட அந்த ஜப்பான் காரை ஓரோஸாலி மிர்லானுக்கு விற்று இரண்டு வருடம் ஆகிறது. முழுப் பணத்தையும் ரொக்கமாக வாங்கி முழுங்கியாயிற்று. பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றப் போனால் கட்டணம், வரிசை, தலைவலி. அந்த ஊரில் பாதி வண்டிகள் அப்படித்தான், ஒருவர் பெயரில் இருக்கும், இன்னொருவர் ஓட்டுவார். அதற்கு அத்தாட்சியாக ஒரு அதிகாரக் கடிதம் எழுதிக்கொள்வார்கள். நோட்டரிக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்க, இவர்கள் அதையும் வெறும் கையால் எழுதி முடித்திருந்தார்கள்.

ஓரோஸாலி தேநீரை உறிஞ்சிக்கொண்டே யோசித்தார். கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா? போட்டால் இந்தப் பயலுக்கு ஏழு லட்சம். இவன் மூஞ்சிக்கு எதற்கு ஏழு லட்சம்?

"அந்தக் கடிதத்தையும் சாவியையும் குடு, பார்ப்போம்."

கொடுத்தான். இரண்டையுமே கொடுத்தான்! ஓரோஸாலி சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கடிதத்தை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டார்.

"அண்ணே! என்னண்ணே இது?"

"எதுடா? வண்டி யார் பேர்ல இருக்கு?"

"உங்க பேர்லதான். ஆனா நான் காசு குடுத்தேனே அண்ணே..."

"யாரு பார்த்தா?"

மிர்லான் அழுதான். மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றான். பிள்ளைகளைப் பெற்றவனுக்குக் கொஞ்சம் மூளையும் வேண்டும் என்றார் ஓரோஸாலி. அத்தோடு விட்டாரா? வண்டியை உள்ளும் புறமும் கழுவிக் கொடுத்தால் இருநூறு சோம் தருவதாகவும் சொன்னார்.

அந்த மானங்கெட்டவன் அதையும் செய்தான். பின்சீட்டைக் கழற்றித் தரையைத் தேய்த்தான். மூக்கை உறிஞ்சியபடியே ஸ்டியரிங்கைக்கூட இரண்டு தரம் துடைத்தான். இப்படிப்பட்டவன் வாழ்ந்து என்ன பயன் என்று ஓரோஸாலிக்கே எரிச்சல் வந்தது.

ஷோரூமில் அய்கானிஷ் என்ற பெண் படிவத்தோடு உட்கார்ந்திருந்தாள். ஓரோஸாலி பின்னாலேயே வந்த மிர்லான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றான்.

"இவர் யாருங்க ஐயா?"

"வண்டி கழுவ வர்ற பய."

சிவந்திருந்த அவன் கண்களை அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "அப்படியா தம்பி?"

ஒரு 'இல்லை' சொன்னால் போதும். அந்தப் பெண் கேட்கத் தயாராகத்தான் இருந்தாள். அவனோ தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாக்கா, கழுவ மட்டுந்தான்" என்றான். முதுகெலும்பு என்ற ஒன்றை ஆண்டவன் சிலருக்கு வைக்கவே மறந்துவிடுகிறான்.

அய்கானிஷ் பேனாவை எடுத்தாள். "ரெண்டு விலை இருக்கு ஐயா. வேற ஆளுங்க ஓட்டியிருந்தா நாலு லட்சம். வாங்கின நாள்லேருந்து நீங்க மட்டுந்தான் ஓட்டினீங்கன்னா ஏழு லட்சம். ஆனா அதை உங்க கைப்பட எழுதிக் குடுக்கணும். வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வேணா நாளைக்கு வாங்க."

"நாலு லட்சத்துக்கு இப்போ ஒரு நல்ல பந்தயக் குதிரை வருமாம்மா? இதுல யோசிக்க என்ன இருக்கு? ஏழு லட்சமே போடு."

"மீட்டரைப் பார்த்தா டாக்ஸி ஓட்டின மாதிரி இருக்கே?"

"எனக்குக் கால் ஒரு இடத்துல நிக்காது. ஊர் சுத்துவேன்."

"வேற யாருமே தொடலையா?"

"என் பொண்டாட்டியையே ஸ்டியரிங்கத் தொட விட்டதில்லம்மா."

"இந்த மாசமும் நீங்க மட்டுந்தான் ஓட்டினீங்களா?"

"இந்த மாசம் என்ன, நேத்து வரைக்கும் நான்தான்."

சொன்னதை எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார். அய்கானிஷ் முத்திரை குத்திக் கோப்பில் வைத்தாள்.

வாசலில் ஓரோஸாலி இருநூறு சோம் நோட்டை மிர்லான் பக்கம் நீட்டினார். "உலகம்னா என்னன்னு இன்னைக்கு உனக்குக் கத்துக் குடுத்திருக்கேன். நியாயமாப் பார்த்தா நீதான் எனக்கு ஃபீஸ் குடுக்கணும்."

மிர்லான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "நல்லா இருங்கண்ணே" என்று வேறு சொன்னான். ஓரோஸாலி காறித் துப்பிவிட்டு உள்ளே போனார், புது வண்டிகளைப் பார்க்க.

மிர்லான் தெருமுனை வரை தளர்ந்த நடையில் போனான். மினிபஸ் நிறுத்தத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மச்சானுக்குப் போன் போட்டான்.

"மச்சான், வண்டி போச்சு, போனாப் போகுது, போலீஸ் கேமராவுல நம்பர் மட்டுந்தானே விழுந்திருக்கு, நீயும் நானும் போன வாரம் ஜட்ஜய்யா பட்டியிலேருந்து தூக்கிட்டு வந்த எட்டு ஆட்டுக்கும் இனிமே அந்தாளு பதில் சொல்லிக்கட்டும்!"