சுண்டுவிரல் குழி

குழாயைக் கையில் வாங்கியதும் பயிற்சியாளர் சுண்டுவிரல் படும் இடத்தைத்தான் தடவிப் பார்த்தார்.

குழி இருந்தது.

ஆரஞ்சு நிறம். ஒரு சாண் நீளம். ஹாக்கி மட்டையின் பிடியில் செருகிக்கொள்வது. வலது கை குழாயைப் பிடித்திருக்கும். இடது கை மட்டையைத் திருப்பும். வலது கை எவ்வளவு இறுக்கினாலும் மட்டை குழாய்க்குள் தன்பாட்டுக்குச் சுழலும்.

திருப்புவது இடது கையின் வேலை, வலது கை சும்மா கூடப் போனால் போதும். இதைப் பல வருஷங்களுக்கு முன் கோவில்பட்டி மைதானத்தில் தொண்டை கட்டும்வரை கத்திப் பார்த்தவர் அவர். ஒரு பிள்ளைக்கும் ஏறவில்லை. வீட்டில் தண்ணீர்க் குழாய் மாற்றியபோது மிஞ்சிய வெள்ளைத் துண்டை ஒருநாள் மட்டையில் செருகிக் கொடுத்தார்.

ஏறியது.

வேலுத்தாய்க்கு மட்டும் குழாய் வழுக்கியது. வலது சுண்டுவிரல் ஒரு போட்டியில் உடைந்து, வைத்தியர் போட்ட கட்டுக்குள் வளைந்தே கூடியிருந்தது. பயிற்சியாளர் குழாயை மெழுகுவர்த்தியில் காட்டினார். இளகியதும் அவள் விரலில் துணியைச் சுற்றி, அந்த விரல் உட்கார ஒரு குழி விழும்படி அழுத்தச் சொன்னார்.

“சுடுதா பிள்ள?”

“இல்ல சார்.”

சுட்டது. கண்ணில் தெரிந்தது.

அந்தக் குழாயோடுதான் அவள் விளையாட்டு விடுதிக்குப் போனாள். பிறகு இந்திய அணிக்கும்.

போன வருஷம் போன் செய்தாள். குழாய்க்கும் மட்டைக்கும் எவ்வளவு இடைவெளி, அதற்கு மேல் போனால் என்ன ஆகும், குறைந்தால் என்ன ஆகும். ஒன்றுவிடாமல் கேட்டாள். ஒன்றுவிடாமல் சொன்னார். போனை வைத்ததும் மனைவி கேட்டாள்.

“யாரு, இம்புட்டுச் சிரிப்பு?”

இப்போது ஆரஞ்சுக் குழாய்கள் வந்திருந்த கம்பெனிப் பெட்டியின் மேலும் வேலுத்தாய் படமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பழைய மைதானத்துப் பிள்ளைகளுக்கு என்று அவளே அனுப்பியிருந்தாள். படத்துக்குக் கீழே இருந்த ஆங்கிலத்தைக் கோல்கீப்பர் பிள்ளை எழுத்துக்கூட்டினாள்.

“விரல் ஒடிஞ்சு கெடந்தப்ப அக்காவே யோசிச்சு, அக்காவே செஞ்சதாம் சார்.”

அவர் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார். அடியிலும்.

“நம்ம சார்ட்டயும் இருக்கேட்டி, வெள்ளைக் குழாய்,” என்றாள் பின்னால் ஒருத்தி.

“அது அக்காவப் பாத்து சார் செஞ்சது.”

“மெதுவா பேசுட்டி. சார் காதுல விழுந்துரப் போவுது.”

வெள்ளைக் குழாய்கள் அவர் வண்டியில் சாக்குக்குள் இருந்தன. எப்போதும்போல அவிழ்க்கப் போனவர், முடிச்சில் கை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

பிள்ளைகள் ஆரஞ்சுக் குழாய்களை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பந்துகள் உருண்டன. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மட்டைகள் நன்றாகத்தான் திரும்பின.

அவர் வரிசையோரமாக நடந்தார். கோல்கீப்பர் பிள்ளையிடம் நின்றார்.

“விரல நேரா வையி.”

“குழி இருக்கே சார். வளைச்சாத்தான உக்காருது.”

அடுத்தவளைப் பார்த்தார். அதற்கடுத்தவளை. மைதானம் முழுக்கச் சுண்டுவிரல்கள் உள்பக்கம் வளைந்திருந்தன.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வேலுத்தாயின் பெயர்.

அடித்து ஓயட்டும் என்று நின்றார். ஓயவில்லை. எடுத்தார்.

“சார், பெட்டி வந்துச்சா? நம்ம பிள்ளேளுக்குத்தான் மொதல்ல அனுப்பணும்னு சொல்லிட்டேன் சார். எப்படி இருக்கு? எல்லாம் சரியா இருக்கா?”

பந்துச் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்கும். அவர் போனைக் காதில் வைத்தபடி வரிசையின் கடைசிவரை நடந்தார்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு,” என்றார். “ஒன் விரல் குழிய மட்டும் எடுக்காம விட்டுட்ட பிள்ள.”