போகோமில் காரின் கன்வெர்ட்டர்

கட்டட வாசலில் கறுப்புக் கரை போட்ட இரங்கல் நோட்டீஸ். படத்தில் இருந்தது ஆள் இல்லை, எங்கள் கட்டடத்து போகோமிலின் பழைய கார்.

'நேற்று நம்மை விட்டுப் பிரிந்தது இந்தக் காரின் கன்வெர்ட்டர். எடுத்தவன் உருப்பட மாட்டான். துயரத்துடன், இரண்டாம் வாசல் குடியிருப்போர்.'

ஒட்டியவர் வெசெலா. பல்கேரியாவின் ப்ளெவென் நகரில் எங்கள் கட்டடத்துக்கு அவர்தான் பொறுப்பாளர். தனிக்கட்டை. வயது எழுபது, வாய்க்கு மட்டும் இருபது.

அன்று மாலையே மாடிப்படி அடியில் கூட்டம் கூட்டிவிட்டார். எல்லோரும் நாற்காலியில், ஆசென் மட்டும் கதவோரம் நின்றான். தரைத்தளத்துக்குப் புதிதாகக் குடிவந்தவன். பழைய இரும்பு வாங்கி விற்பவன். மனைவிக்கு நிறைமாதம்.

"புகைக்குழாயில இருக்கிற அந்த கன்வெர்ட்டர் டப்பாவுக்குள்ள பல்லேடியம்னு ஒரு உலோகமாம். உலகத்துலயே கொஞ்சம்தான் இருக்காம். ஃபாக்டரிக்காரங்க எல்லாம் அதுக்கு அடிச்சுக்கிறாங்களாம். டி.வி.யில சொன்னான். இரும்பு வியாபாரிக்குத் தெரியாதா?"

வெசெலாவின் விரல் ஆசெனைக் காட்டியது.

"அது இல்லாம காலையில கார் கிளப்பின சத்தத்துல சண்டை வந்துடுச்சுன்னு கட்டில்லேருந்து குதிச்சுட்டேன்!"

"போன மாசம் வரைக்கும் பீரங்கி வெடிச்சாக்கூட உனக்குக் கேக்காதே வெசெலா" என்றார் மூன்றாம் மாடிக்காரர்.

"இப்ப கேக்குது. நகராட்சி இனாமாக் கொடுத்த காது மெஷினாக்கும்! சரி, பேச்சை மாத்தாதே. ஏம்ப்பா ஆசென், நீதானே திருடினே?"

"திருடலை அத்தை."

"அப்ப அது எங்க போச்சு?"

ஆசென் ஓரக்கண்ணால் போகோமிலைப் பார்த்தான்.

"பாத்தீங்களா? நாளைக்கே வீட்டுக்காரர்கிட்ட சொல்லி இவனைக் காலி பண்ண வைக்கிறேன். போயும் போயும் நம்ம போகோமில்கிட்டயா கை வைக்கிறது!"

போகோமிலுக்கு வேர்த்துக்கொட்டியது. "போனா போகுது, விடேன் வெசெலா..."

"நீ சும்மா இரு! உனக்குச் சாமர்த்தியம் போதாது. காலி பண்ணச் சொல்றவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க."

ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. வெசெலா கதவுக்கு முதுகைக் காட்டியபடி முன்வரிசையிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

போகோமில் நைசாக ஆசென் பக்கம் நகர்ந்தார். வெசெலாவின் முதுகுக்குப் பின்னால் எதையும் தாராளமாகப் பேசலாம் என்பது எங்கள் கட்டடத்தில் ஊறிப்போன பழக்கம்.

"மாமா, இந்த நிலைமையில என் பொண்டாட்டியை எங்க கூட்டிட்டுப் போவேன்? நீங்களே என்கிட்ட வித்ததுதான்னு சொல்லிடட்டுமா?"

"நானே சொல்லிடறேன்டா. ஆனா எதுக்கு வித்தேன்னு மட்டும் நீ மூச்சு விடாதே. நகராட்சி கொடுத்ததுன்னு நான் சொன்னது பொய்னு தெரிஞ்சா, காது மெஷினைக் கழட்டி என் மூஞ்சியிலேயே எறிஞ்சிடுவா."

எண்ணிக்கொண்டிருந்த வெசெலா பாதியில் நின்றார். திரும்பவில்லை. கை மட்டும் மெல்லக் காதைத் தொட்டது.

"எறியலை, போகோமில்" என்றார். "முதல்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு நாற்காலி போடு."