நீள லிப்ட்

ஆஸ்பத்திரிக்கென்று கட்டத் தொடங்கி, கடைசியில் லாட்ஜாகிப்போன ஏற்காட்டுக் கட்டடம் அது. ஸ்ட்ரெச்சர் நுழைகிற அந்த நீள லிப்ட்டை மட்டும் முதலாளி மாற்றவில்லை. புதிதாக வருகிறவர்கள்கூட நடுவைக் காலியாக விட்டு, இருபுறச் சுவரோடும் ஒட்டித்தான் நிற்பார்கள். அறை கூட்டும் அலமேலுவுக்கு அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

"ஏனுங்க, நடுவுல எடம் சும்மாதான கெடக்குது? தள்ளி நில்லுங்க" என்றாள் இன்றும்.

"வேண்டாங்க, இடிச்சிரும்" என்றார் ஒருவர். எதை என்று கேட்டதற்கு, காலி நடுவைப் பார்த்துவிட்டு இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

அவர்கள் இறங்கியதும், முழங்கால் வலி தாளாமல் அழுக்குப் போர்வை மூட்டையை நடுவில் போட்டாள். மூட்டை தரைக்கு வரவில்லை. இடுப்பு உயரத்திலேயே நின்றது.

கீழே போக இன்னும் மூன்று மாடி இருந்தது.

"சித்த தாங்கிக்கங்க" என்று சொல்லி, அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.