நாவலில் இல்லை

முப்பத்துநான்கு விடைத்தாள்களில் முப்பத்தொன்றில் நாயகன் கல்லறைக்குப் போய் அழுதிருந்தான்.

இலக்கிய ஆசிரியர் கட்டைத் தூக்கி மேசைமேல் தொப்பென்று போட்டார். முன்வரிசை தன் தண்ணீர் பாட்டில்களைப் பிடித்துக்கொண்டது.

பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் முற்றுப்புள்ளி. வாக்கியத்தின் முடிவில் அதை விட்டவர்களுக்கு அரை மதிப்பெண் வெட்டுவார். அந்தப் பெயர் தனக்குத் தெரியாததுபோல நடந்துகொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. பெருமைப்பட வேறு அதிகம் இருக்கவில்லை.

பாடம், விக்டோரியா காலத்து ஆங்கில நாவல் ஒன்றின் தமிழ் வடிவம். ஐந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.

தாய் தகப்பன் இல்லாத ஒரு பையன். கையுறை தைத்து அவனை வளர்க்கும் ஒருத்தி. அவன் தலைநகரம் போய்ப் பெரிய மனிதனாகிறான். ஊசி குத்திய அவள் விரல்களை நாலு பேர் முன்னால் பார்க்கக் கூசுகிறான். அவள் செத்த செய்தி வரும்போது கறுப்புக் கரை போட்ட தாளில் ஒரு கடிதம் அனுப்பிவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் கல்யாணம் செய்துகொள்கிறான்.

கல்லறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

"முப்பத்தோரு பேருக்கும் ஒரே மழை, ஒரே இரும்பு கேட், கையில அதே தொப்பி. ஈயடிச்சான் காப்பின்னாலும் ஒரு அளவு வேண்டாமா?"

எங்கிருந்து வந்தது என்று அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மஞ்சள் அட்டை கைடு. ஆசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'அனுபவமிக்க ஆசிரியர் குழு' என்று போட்டிருக்கும்.

பதினோரு வருடமாக அந்தக் காட்சியைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் 'நாவலில் இல்லை' என்று எழுதி, இரண்டு மதிப்பெண் வெட்டிக்கொண்டிருந்தார். மூலத்தைப் படிக்காமல் குறுக்குவழியில் போகிறவர்களைப் பற்றி அவரிடம் பத்து நிமிடப் பிரசங்கம் ஒன்று தயாராக இருந்தது. ஏழாவது நிமிடத்தில் குரல் தழுதழுக்கும்.

அந்தக் குழுவில் மொத்தம் ஒரே ஆள்தான் இருந்தார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அனுபவமும் கிடையாது. இருபத்தைந்து வயதில், வேலை தேடி அலைந்த காலத்தில், ஒரு அச்சகத்தின் மாடியறையில் உட்கார்ந்து அவரேதான் ஒன்பது நாளில் அதை எழுதி முடித்தார். கடைசித் தொண்ணூறு பக்கத்தைப் புரட்ட நேரமில்லை. முடிவை உத்தேசமாகக் கட்டிவிட்டார்.

மனைவிக்குக்கூட இது தெரியாது.

ஆக, வருடா வருடம் அவர் அடித்துக்கொண்டிருந்தது தன்னுடைய வாக்கியங்களைத்தான். ஒவ்வொன்றிலும் முற்றுப்புள்ளி சரியாக இருந்தது.

அன்று பிரசங்கம் நாலாவது நிமிடத்திலேயே நின்றுபோனது. ஜன்னலோரத்துப் பெண் எழுந்து நின்றாள். வருடம் முழுக்க வாயே திறக்காதவள்.

"சார், நான் முழுப் புத்தகமும் படிச்சேன்."

"படிச்சவ ஏம்மா இதை எழுதின?"

"அவன் போகவே இல்லைன்னு தெரியும் சார். ரெண்டு நாளா எனக்குக் கோவம் அடங்கல. அப்புறம் கைடைப் பார்த்தேன். அதுல போயிருந்தான். சரி, போயிட்டானேன்னு அதையே எழுதிட்டேன்."

வகுப்பு சிரிக்கத் தயாராகி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு கட்டிலிருந்து அவள் தாளை உருவி, வெட்டிய இரண்டு மதிப்பெண்ணைத் திரும்பப் போட்டார்.

அடுத்த நொடியே முப்பது கைகள் உயர்ந்தன.

அவளுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயமா? மணி அடிக்கும்வரை தாள் தாளாக எடுத்துத் திருத்தினார். ஒழுங்காகப் படித்து, அவன் போகவில்லை என்று எழுதிய மூன்று பேர் மட்டும் அவரை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோரும் வெளியே போனபிறகு அந்தப் பெண் மேசையருகே வந்தாள்.

"சார், ஒரு சந்தேகம். அவனை வளர்க்கிறவங்க அவனோட அப்பாவுக்கு அக்கா. கைடு முழுக்க அத்தைன்னு சரியாத்தான் இருக்கு. கல்லறைக்குப் போற அந்த ஒரு பக்கத்துல மட்டும் ஏன் சார் பெரியம்மான்னு இருக்கு?"

"அச்சுப்பிழையா இருக்கும்மா."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். கைடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்கும் தோன்றியிருக்கலாம்.

மெய்ப்புப் பார்த்தவரும் அவரேதான். பிழை ஒன்றும் இல்லை.

அந்த ஒன்பதாவது நாள் மத்தியானம் அச்சகத்துக்கு அவரைக் கேட்டு ஒரு போன் வந்தது. அவரை எடுத்து வளர்த்த பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டார், சாயங்காலம் அடக்கம். பஸ் பிடித்தால் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். கீழேயிருந்து முதலாளி, "முடிஞ்சுதா தம்பி?" என்று குரல் கொடுத்தார். இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, இவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

தனக்குப் பதிலாக அங்கே போய் நிற்க, அன்றைக்கு அவர் கைவசம் அவன் ஒருவன்தான் இருந்தான்.