கதவில் ஒட்டிய தாள்

மருத்துவரின் மேசையில் பூனைக்கு வலிப்பு வெட்டி வெட்டி இழுத்தது.

"என் மாமனார்தான் விஷம் வச்சுட்டார், டாக்டர்," என்று அழுதாள் அவள். "பூனைன்னாலே அவருக்கு ஆகாது. நேத்து இதைப் பின்னறையில போட்டு அடைச்சிட்டார். அது கத்துன கத்துல மனசு கேக்காம நான்தான் திறந்து விட்டேன். இன்னிக்கு இப்படி! பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்புங்கன்னு சொல்லிட்டேன்."

"இந்தக் குளிர்லயா? அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"'கதவுல இருந்ததைப் படிக்கலையாம்மா'ன்னுட்டுக் கிளம்பிப் போயிட்டார். அச்சகத்துல பிழை திருத்தினவர். கண்ட காகிதத்துலயும் சிவப்புக் கோடு போட்டு ஒட்டி வைப்பார். அதையெல்லாம் யார் படிக்கிறது?"

"தெள்ளுப்பூச்சி மருந்து ஏதாவது போட்டீங்களா?"

"இதுக்குப் போடலை. நாய்க்குத்தான் நேத்து முதுகுல சொட்டு மருந்து விட்டேன்."

"பூனை எங்க படுக்கும்?"

"நாய் மேலதான்..."

பூனை அடங்கியது. மருத்துவர் துணியை இழுத்து மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பின்னறைக்குப் போனாள். நாய் மருந்தோடு வந்த தாள் கதவில் ஒட்டியிருந்தது. ஒரு வரியின் கீழ் மட்டும் சிவப்புக் கோடு: 'பூனைக்கு இது விஷம். மூன்று நாள் நாயின் அருகே விடாதீர்கள்.'

கதவைத் தள்ளினாள். உள்ளே ஒரு கிண்ணத்தில் தண்ணீர், தட்டில் மீன். பக்கத்தில் பூனை படுக்க மெத்தைபோல் மடித்துப் போட்டிருந்தது, மாமனாரிடம் இருந்த ஒரே கம்பளி.