தையல்காரர் வாசலில் கூட்டம்

மீட்டர் மாற்ற வந்த மூன்று பேரையும் தையல்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். தெருவே கூடிவிட்டது.

எதிர் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்க்கட்சிக்கு வயிறு எரிந்தது.

எதிர்க்கட்சி என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் எதையும் ஆதரித்ததாகச் சரித்திரம் இல்லை. ராக்கெட் இருக்கட்டும், முதலில் சாக்கடையை மூடு என்பார். கம்பத்தில் கேமரா வைத்தால், அது திருடனைப் பிடிக்க அல்ல, உன்னைப் பிடிக்க என்பார். முகத்தை மெஷினில் காட்டினால்தான் ஆஸ்பத்திரியில் சீட்டு என்று அரசாங்கம் சொன்னபோது, மூலம் வந்தவன் எதைக் காட்டுவான் என்று கேட்டார். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் காலையில் செய்தித்தாளையே பிரிப்பது.

புது மின்சார மீட்டர் வந்தபோது அவர் உச்சத்துக்குப் போனார். அது மீட்டர் அல்ல, வேவுக்காரன். நீ எப்போது எழுந்தாய், எப்போது குளித்தாய், எல்லாவற்றையும் கரண்ட் ஆபீசுக்குப் போட்டுக்கொடுக்கும்.

தெரு கேட்டது, தலையாட்டியது, பிறகு வரிசையாக மாற்றிக்கொண்டது. மாற்றாவிட்டால் கரண்டைத் துண்டிப்போம் என்றால் வேறென்ன செய்யும்? மிஞ்சியது இரண்டே வீடுகள். ஒன்று தையல்காரருடையது, இன்னொன்று இவருடையது. ஆபீஸ் ஆட்கள் இவர் வீட்டைத் தாண்டிப் போவார்களே தவிர, கேட்டைத் தொடுவதில்லை. பயம் என்றது தெரு. அவரும் மறுக்கவில்லை.

ஆனால் இன்று பேசிக்கொண்டிருப்பது தையல்காரர். இஸ்திரிக் கடையில் இவர் பேசும்போதெல்லாம் ஓரமாக உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்த ஆள். வாய் இருக்கிறதா என்றே பலருக்குச் சந்தேகம். இப்போது அளவு நாடா கழுத்தில் தொங்க, அது மீட்டர் அல்ல, வேவுக்காரன் என்கிறார். ஒரு சொல்கூட மாறவில்லை. நடுவில் நிறுத்துகிற இடம்கூட இவருடையதுதான்.

"திருட்டுப் பய" என்று முனகினார் எதிர்க்கட்சி. அசல் இங்கே ஜன்னலில் நிற்கிறது. நகலைச் சுற்றிக் கூட்டம்.

ஒரே ஒரு வித்தியாசம். தையல்காரர் அடிக்கடி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்துக்கொண்டார். உள்ளே கரண்டில் ஓடுகிற மெஷின்கள், சுவர் உயரத்துக்குப் பள்ளிச் சீருடைத் துணி. நாளை மறுநாள் கொடுக்காவிட்டால் அந்த ஆர்டர் அவ்வளவுதான், இனி அந்தப் பள்ளிக்கூடம் அவர் பக்கமே திரும்பாது. கரண்ட் போனால் பிழைப்பு போகும். தெரிந்தேதான் நிற்கிறார்.

எதிர்க்கட்சியால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். கூட்டம் வழிவிட்டது. எல்லாத் தலைகளும் இவர் பக்கம் திரும்பின. எவ்வளவு நாளாயிற்று இப்படி!

போகட்டும், மாற்றிக்கொள்ளுங்கள் என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் தையல்காரர் கேட்பார். ஆபீஸ் ஆட்களும் அதற்காகத்தான் இவர் முகத்தைப் பார்த்தார்கள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே.

"விட்டுக்கொடுக்காதீங்க தம்பி" என்றார்.

கைதட்டல் எழுந்தது. எல்லோரும் தையல்காரரைப் பார்த்துத்தான் தட்டினார்கள்.

தெருக் கம்பத்தில் ஏணி போட்டு ஏறி, வயரைத் துண்டித்துவிட்டு ஆட்கள் போய்விட்டார்கள். உள்ளே மெஷின்களின் சத்தம் நின்றது. தையல்காரரின் மனைவி பாதி தைத்த சட்டையோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுக்கலாம் என்றார் இஸ்திரிக் கடைக்காரர். இழுக்கலாம்தான். புது மீட்டர் ஆபீசுக்குப் போட்டுக்கொடுத்துவிடுமே? கூட்டம் கொஞ்சம் யோசித்தது. பிறகு மொத்தமாக எதிர்க்கட்சியைப் பார்த்தது.

"சார் வீட்டு மீட்டர் காட்டிக்கொடுக்காதே!"

இவர் வாயைத் திறப்பதற்குள் தையல்காரர் வயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்துவிட்டார். கேட்டைத் திறந்து பக்கவாட்டுச் சந்துக்குள் போனார். எதிர்க்கட்சி பின்னாலேயே ஓடினார். மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

தையல்காரர் மீட்டர் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே புத்தம் புது மீட்டர். பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

போன மாதம் ஆபீஸிலிருந்து ஒரு போன் வந்தது. மிரட்டக்கூட இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார்கள். மதியம் தெரு தூங்குகிற நேரமாகப் பார்த்து வாருங்கள் என்று மட்டும் இவர் கேட்டுக்கொண்டார்.

தையல்காரர் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். இவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பதில் சொல்வது எதிர்க்கட்சிக்குக் கைவந்த கலை.

அவர் திட்டவில்லை. பெட்டியைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு, கேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வயர் எட்டாதுங்க. வேற வழி பாப்போம்."

அவர் தோளில் கிடந்த வயர் இந்தத் தெருவையே ஒரு சுற்று சுற்றி வரும்.

கூட்டம் அவரோடு திரும்பிப் போனது. பரண்மேல் கிடக்கும் மிதி மெஷினை இறக்கித் தருகிறேன் என்றார் ஒருவர். பட்டனுக்குக் காஜா எடுக்க நான் வருகிறேன் என்றாள் ஒருத்தி. அங்கே சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

எதிர்க்கட்சி சந்திலேயே நின்றார். பிழைத்தோம் என்று தோன்றவில்லை. நன்றியும் வரவில்லை. ஒரு பொய்யைக்கூட அவனால் இத்தனை கௌரவமாகச் சொல்ல முடிகிறதே என்றுதான் பொறாமையாக இருந்தது.